குறித்த நாள் கடந்துவிட்டது. இனி எதை நம்பிக் காத்திருப்பது?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 36, கணவருக்கு 40. திருமணமாகி எட்டு வருடமாகியும் குழந்தை இல்லை. கடந்த ஆண்டு புத்தாண்டு ஆராதனையில் அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், மலடியைச் சந்தோஷமான பிள்ளைத்தாய்ச்சியாக்குகிறார் என்ற சங்கீதம் 113:9 வந்தது. அதே மாதம் உபவாசக் கூட்டத்துக்கு வந்த வெளியூர் ஊழியக்காரர் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, "அடுத்த வருஷம் இதே நாள், கையில் பிள்ளையோடு இந்த மேடையில் சாட்சி சொல்வாய்" என்று அறிவித்தார். சபையே கைதட்டியது. பலமடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லி வாங்கும் விதைக் காணிக்கையாக ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். விசுவாசத்தைக் காட்டுவதற்காகத் தைராய்டு மாத்திரையை நிறுத்தினார். டாக்டர் எழுதிக்கொடுத்த கருக்குழாய்ப் பரிசோதனைக்குப் போகவில்லை. தொட்டிலும் வாங்கி வைத்தார். நாற்பது நாள் உபவாசம் இரண்டு முறை. அந்த நாட்களில் கணவரோடு சேராமல் தனியாகப் படுத்திருக்கிறார்.

குறித்த நாள் போய் மூன்று மாதமாகிறது. "உன் விசுவாசத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது" என்கிறார்கள் சபையில். ஊழியக்காரரின் உதவியாளர் போனில் அழைத்து, இன்னும் ஒரு லட்சம் விதைத்தால் தடை உடையும் என்கிறார். வளையல்களை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார் இவர். விருந்தாளிகள் முன்னால் "காய்க்காத மரம்" என்று பேசும் மாமியார், மகனுக்கு வேறு ஏற்பாடு செய்யவேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். கணவர் வாயே திறப்பதில்லை. "கர்த்தர் என்னை ஏமாற்றினாரா, நான் விசுவாசிக்கத் தவறினேனா? இப்போது டாக்டரிடம் போனால் வாக்குத்தத்தம் கைநழுவிவிடுமா? சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சையான ஐவிஎஃப் பாவமா? ராத்திரி தூக்கமில்லை, ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை" என்று முடிகிறது கடிதம்.

சகோதரி, உங்கள் கேள்விகளுக்குள் போகுமுன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தைராய்டு மாத்திரையை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்த வாரமே தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை எடுத்து டாக்டரைப் பாருங்கள். பழைய அளவை நீங்களாகவே ஆரம்பிக்க வேண்டாம். இன்றைய அளவை அவர் பார்த்துச் சொல்லட்டும். தைராய்டு குறைந்தால் கருமுட்டை வெளியாவது தடுமாறும், கரு தங்கினாலும் கலையும் அபாயம் கூடும். அதோடு அசதி, மனச்சோர்வு, எதிலும் பிடிப்பின்மை வரும். ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆவிக்குரிய வறட்சி என்று நீங்கள் உங்களையே குற்றஞ்சாட்டிக்கொள்வதில் ஒரு பங்கு இந்தச் சுரப்பியின் குறைபாடாகவும் இருக்கலாம்.

அந்த வார்த்தையைச் சோதிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு

நீங்கள் எழுதியதில் ஒரு தவறான முடிச்சு இருக்கிறது. ஊழியக்காரர் சொன்னது நடக்கவில்லை என்றால் ஒன்று கர்த்தர் தவறினார், இல்லையென்றால் நான் தவறினேன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், சொன்னவர். வேதம் முதலில் அவரைத்தான் சோதிக்கச் சொல்கிறது. ஒருவன் கர்த்தரின் நாமத்தில் சொன்ன காரியம் நடவாமல் போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அவன் அதைத் துணிகரத்தினால் சொன்னான், அவனுக்குப் பயப்படவேண்டாம் என்கிறது உபாகமம் 18:22. கேட்டவளின் விசுவாசத்தில் ஓட்டை தேடும்படி அந்த வசனம் யாருக்கும் சொல்லவில்லை. புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்கும் இதே கட்டளைதான். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருங்கள், ஆனால் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 5:20, 21 சொல்கிறது. ஒருவர் பேசினால் மற்றவர்கள் நிதானிக்கவேண்டும் என்கிறது 1 கொரிந்தியர் 14:29. உங்கள் சபையில் நடந்தது கைதட்டல். நிதானிப்பு நடக்கவில்லை.

எரேமியா 28, 29 இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். எரேமியா 29:11 பல வீடுகளின் சுவரில் தொங்கும் வசனம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவன் ஆலயத்தில் எல்லோருக்கும் முன்பாக நின்று, பாபிலோனுக்குச் சிறைபோன ஜனமும் ஆலயப் பாத்திரங்களும் இரண்டு வருடத்தில் திரும்பி வரும் என்று தேதி சொல்கிறான். எரேமியாவுக்கும் அது நடக்கவேண்டும் என்றுதான் ஆசை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. உண்மையான காலம் எழுபது வருடம் என்று 29:10 சொல்கிறது; அதை அடுத்து வருவதுதான் நாம் சட்டம் போட்டு மாட்டும் 11ஆம் வசனம். ஜனங்கள் கேட்க விரும்பியதைத் தேதியோடு சொன்னவன் பொய்யனாகிப் போனான். கசப்பான காலக்கணக்கைச் சொன்னவரிடம்தான் வாக்குத்தத்தம் இருந்தது.

உங்களிடம் சொல்லப்பட்டது, பிள்ளையில்லாத சூனேம் ஊர்ப் பெண்ணிடம் எலிசா தீர்க்கதரிசி சொன்ன 2 இராஜாக்கள் 4:16ஐ ஒட்டிய வார்த்தை. அங்கே அந்தச் சூனேமியாள் எலிசாவுக்கு ஒரு காசும் காணிக்கை கட்டவில்லை, பிள்ளையும் கேட்கவில்லை. சொன்னதைக் கேட்டதும் "அபத்தம் சொல்லவேண்டாம்" என்றுதான் மன்றாடினாள். பொய்யான நம்பிக்கை ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த அதிகாரத்தில் குஷ்டரோகம் நீங்கிக் குணமான நாகமான் கொண்டுவந்த காணிக்கையை எலிசா வாங்க மறுக்கிறார். பின்னாலேயே ஓடிப்போய் வாங்கின எலிசாவின் வேலைக்காரன் கேயாசி குஷ்டரோகியாகிறான். தேவனுடைய வரத்தைப் பணத்தால் சம்பாதிக்கலாம் என்று நினைத்த சீமோனிடம் பேதுரு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பது அப்போஸ்தலர் 8:20இல் இருக்கிறது. ஆகவே அந்த ஒரு லட்சத்துக்கு என் பதில், கண்டிப்பாக வேண்டாம். வளையல்களைத் தொடாதீர்கள். அந்த எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்கவேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் விரும்பிக் கொடுத்த காணிக்கையைச் சட்டப்படி மீட்பது கடினம் என்பதால் அதில் உங்கள் பலத்தைச் செலவழிக்கும்படி நான் சொல்லமாட்டேன்.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த வசனம் முழுக்க உண்மை. சங்கீதம் 113, சிறியவனைப் புழுதியிலிருந்து தூக்குகிற தேவன் எப்படிப்பட்டவர் என்று துதிக்கிற பாட்டு. அட்டையை எடுத்தவருக்கு எல்லாம் அந்த வருடமே குழந்தை என்று அது ஒப்பந்தம் போடவில்லை. அதே இரவில் அதே அட்டை எழுபது வயதுப் பாட்டியம்மா கைக்கு வந்திருந்தால் அவர் எப்படி வாசித்திருப்பாரோ, அப்படியே நீங்களும் வாசிக்கலாம்: தள்ளப்பட்டவர்களை என் தேவன் நினைக்கிறார் என்று. யாத்திராகமம் 23:26ஐ, மலடு உன் தேசத்தில் இருப்பதில்லை என்பதை, யாராவது உங்களுக்கு நேராக நீட்டினால், அது சீனாயில் இஸ்ரவேல் என்ற ஜனத்தோடு செய்த உடன்படிக்கையின் பகுதி என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

விசுவாசம் குறைந்ததாலா?

இல்லை. சகரியா, எலிசபெத்து இருவரும் குற்றமற்று நடந்த நீதிமான்கள் என்று லூக்கா 1:6 சொல்கிறது. அடுத்த வசனமே அவர்களுக்குப் பிள்ளையில்லை என்கிறது. இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். தூதன் நேரில் வந்து சொல்லியும் சகரியா நம்பவில்லை. ஊமையானார், ஆனால் பிள்ளை பிறந்தது. ஆபிரகாமின் மனைவி சாராள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள், அவளுக்கும் பிள்ளை பிறந்தது. கர்த்தர் உண்மையாகவே சொல்லியிருந்தால் உங்கள் ஒரு ராத்திரிச் சந்தேகம் அதைக் கவிழ்த்திருக்காது. மாத்திரை சாப்பிட்டால் கைநழுவிப் போகும் அளவுக்கு அவருடைய வார்த்தை பலவீனமானதும் அல்ல.

ஆபிரகாம் 75 வயதில் ஆரானைவிட்டுப் புறப்பட்டார், ஈசாக்கு பிறக்கும்போது வயது 100. நடுவில் 25 வருடம். கானானில் பத்து வருடம் கழிந்ததும் பொறுக்கமுடியாமல் வேலைக்காரி ஆகார் வழியாகப் பிள்ளை பெற ஒரு ஏற்பாடு செய்தார்கள். அதனால் அந்த வீட்டில் வந்த கண்ணீரைப் பல அதிகாரங்கள் பேசுகின்றன. ஈசாக்குக்கு 40 வயதில் கல்யாணம், 60இல் இரட்டைப் பிள்ளைகள், இருபது வருடம். அந்த வீட்டில் மனைவிக்காக ஜெபித்தவர் கணவர் என்பதை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள், ஆதியாகமம் 25:21. பிள்ளையில்லாத அன்னாள் சாப்பிடாமல் அழுதாள். ஆசாரியன் ஏலியே அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று தப்பாக எண்ணினார். சபைத் தலைவர்களும் துக்கத்தைத் தவறாகப் படிப்பார்கள் என்பது அன்றைக்கே எழுதப்பட்டாயிற்று. உங்களுக்கு வார்த்தை வராத ராத்திரியில் 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" இப்படிக் கேட்பது அவிசுவாசமாக இருந்தால் அது வேதத்தில் இடம்பெற்றிருக்காது.

இனிச் சொல்வது கேட்பதற்குக் கடினமாக இருக்கும். ஒவ்வொரு தம்பதிக்கும் பிள்ளை தருவேன் என்று தேவன் எங்கும் சொல்லவில்லை. உன்னைவிட்டு விலகுவதில்லை, உன்னைக் கைவிடுவதில்லை என்று சொல்லியிருக்கிறார், எபிரெயர் 13:5. எதுவும் தம்முடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்று சொல்லியிருக்கிறார், ரோமர் 8:38, 39. எபிரெயர் 11:13இல் விசுவாச வீரர்களே வாக்குத்தத்தங்களைத் தூரத்தில் கண்டு, அடையாமலே மரித்தார்கள். பிள்ளைக்காகக் கேளுங்கள், அழுது கேளுங்கள், தொடர்ந்து கேளுங்கள். ஆனால் பிள்ளை வந்தால்தான் அவர் உண்மையுள்ளவர் என்ற நிபந்தனையை யாரோ உங்கள்மேல் ஏற்றிவைத்திருக்கிறார்கள். அதை இறக்கி வைக்கலாம்.

மருத்துவமனைக்குப் போவது

வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருடம் ஆயுசு கூட்டப்பட்டது என்று ஏசாயா வாக்குத்தத்தம் சொன்னார். சொன்ன கையோடு அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார், 2 இராஜாக்கள் 20:7. வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே வாயிலிருந்து வந்தன. எழுபது வருடம் காத்திருக்கச் சொல்லப்பட்ட ஜனத்திடமும் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், கல்யாணம் செய்யுங்கள் என்றுதான் எரேமியா 29:5, 6 சொல்கிறது. கையைக் கட்டி உட்காரச் சொல்லவில்லை.

உங்கள் விஷயத்தில் காலமும் முக்கியம். 35 வயதுக்குக் குறைந்தவர்கள் ஒரு வருடம் முயன்ற பிறகும், 35 தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயும் பரிசோதனைக்குப் போகவேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. 35க்குப் பிறகு கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும். இன்னொரு வருடத்தைச் சும்மா விடாதீர்கள். செய்யவேண்டியவை:

கணவருக்கு முதல் பரிசோதனை. எட்டு வருடத்தில் அவர் ஒருமுறைகூட விந்துப் பரிசோதனை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கும். வலியில்லாத, செலவு குறைந்த சோதனை இது. இரண்டு முதல் ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்து கொடுக்கவேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூட்டிலேயே வைத்து லேபில் சேர்க்கவேண்டும். முடிவு குறைவாக வந்தாலும் ஒரே சோதனையை வைத்துத் தீர்மானிக்கக்கூடாது. விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆவதால் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்லலாம். இதைச் செய்யாமல் உங்களுக்கு மட்டும் ஊசியும் ஸ்கேனும் போட்டுக்கொண்டே போவது வீண்.

உங்களுக்கு. தைராய்டு, பால்சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின், கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச், ஸ்கேன். தள்ளிவைத்த கருக்குழாய் எக்ஸ்ரேயை மாதவிலக்கு தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பொதுவாக எடுப்பார்கள். நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்குப் பிறப்புறுப்புக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலம், பொதுவாக நாளுக்கு 400 மைக்ரோகிராம், கரு தங்குவதற்கு முன்பே ஆரம்பிக்கவேண்டும். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு முன் அரை மணியாவது விடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி இடைவெளி வேண்டும். ஆறு வாரம் கழித்து டிஎஸ்ஹெச்சை மறுபடி பார்ப்பார்கள். கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களுக்கு அது 2.5க்குக் கீழே இருப்பதைப் பல டாக்டர்கள் விரும்புவார்கள்.

உபவாசம். கருமுட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தின ஐந்து நாட்களும்தான் கரு தங்கக்கூடிய நாட்கள். நாற்பது நாள் தனியாகப் படுத்தால் குறைந்தது ஒரு மாதத்து வாய்ப்பு முழுதாகப் போய்விடுகிறது. நீண்ட பட்டினியால் உடல் மெலிந்தால் முட்டை வெளியாவதே நின்றுபோகலாம். 1 கொரிந்தியர் 7:5 உபவாசத்துக்காகப் பிரிந்திருப்பதை இருவரும் சம்மதித்து, சிலகாலத்துக்கு மட்டும் என்றுதான் அனுமதிக்கிறது. உபவாசிக்க விரும்பினால் ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் விடும் உபவாசம், வாரத்தில் ஒருநாள், மாத்திரையை விடாமல்.

ஐவிஎஃப், தத்தெடுத்தல்

ஐவிஎஃப் பற்றி சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1987 முதல் அதை ஏற்கமுடியாது என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. புரொட்டஸ்டன்ட் சபைகளில் பலர் அதைத் தம்பதியின் மனச்சாட்சிக்கு விடுகிறார்கள். என் கருத்தில், கணவன் மனைவியின் சொந்த அணுக்களைக் கொண்டு செய்வதைப் பாவம் என்று சொல்ல வேதத்தில் ஆதாரம் இல்லை. உருவான கருக்களை என்ன செய்கிறோம் என்பதில்தான் மனச்சாட்சி விழித்திருக்கவேண்டும். எத்தனை முட்டையைக் கருவாக்குவீர்கள், எத்தனையை உள்ளே வைப்பீர்கள், மீதியை என்ன செய்வீர்கள் என்று கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். மருத்துவமனை 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பாருங்கள்; இருவரின் எழுத்துச் சம்மதம் கட்டாயம், மனைவிக்கு 50, கணவனுக்கு 55 என்று வயது வரம்பும் உண்டு. ஆனால் இது இப்போதைய கேள்வியே அல்ல. மேலே சொன்ன சோதனைகள் முடியாமல் யாராவது நேராக ஐவிஎஃப்புக்கு அழைத்தால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள்.

தத்தெடுப்பது விசுவாசத்தில் தோற்றவர்களின் வழி என்று எழுதியிருக்கிறீர்கள். பவுல் நம்முடைய இரட்சிப்பையே புத்திர சுவிகாரம், அதாவது தத்தெடுப்பு, என்கிறார், ரோமர் 8:15. கிறிஸ்தவர்கள் தத்தெடுக்கமுடியாது என்பதும் பழைய செய்தி. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் எந்த மதத்தினரும் தத்தெடுக்கலாம். அந்தப் பிள்ளைக்கு வயிற்றுப் பிள்ளைக்குள்ள எல்லா உரிமையும் உண்டு. மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். இரண்டு வயதுவரையுள்ள குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85ஐத் தாண்டக்கூடாது; உங்களுக்கு இப்போது 76. சிறு குழந்தைக்கான காத்திருப்பு சில வருடங்கள் ஆகும் என்பதால், சிகிச்சை நடக்கும்போதே இருவரும் ஒருமனமாக இருந்தால் பதிவு செய்துவைக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விவரம் கிடைக்கும். ஆஸ்பத்திரியிலோ இல்லத்திலோ நேராகக் குழந்தை வாங்கித்தருகிறேன் என்று வருபவர் யாராக இருந்தாலும், ஊழியக்காரராக இருந்தாலும், விலகுங்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து வருடம்வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

வீட்டிலும் சபையிலும்

குழந்தையில்லை என்று ஒரு பெண்ணை இழிவாகப் பேசுவது, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வாய்மொழி, உணர்வு ரீதியான வன்முறை என்று பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. மாமியார்மேல் நாளைக்கே புகார் கொடுங்கள் என்று சொல்லவில்லை. பொறுத்துக்கொள்வதுதான் கிறிஸ்தவ மனைவியின் கடமை என்ற எண்ணத்தை விடுங்கள் என்கிறேன். எல்லை மீறினால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. "வேறு ஏற்பாடு" என்ற மிரட்டலுக்கும் பயப்படாதீர்கள். கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தில் பிள்ளையின்மை ஒரு காரணமே அல்ல, திருமண உறவு இருக்கும்போது இன்னொரு திருமணம் செய்வது ஏழு வருடம்வரை தண்டனைக்குரிய குற்றம்.

முதலில் பேசவேண்டியது கணவரிடம். அவருடைய மௌனத்துக்குள் பயம் இருக்கலாம். சோதனையில் குறை தன்னுடையதென்று வந்துவிடுமோ என்ற பயம். சண்டையின் நடுவிலோ மாதவிலக்கு வந்த நாளிலோ பேசாதீர்கள். ஓய்வான ஒரு நாளில், "யார் குறை என்று தேட வேண்டாம், ரெண்டு பேருமாகப் போய் டாக்டரைப் பார்ப்போம், முடிவு என்ன வந்தாலும் அத்தையிடம் அதை நாம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் சொல்வோம்" என்று கேளுங்கள். தாயிடம் பேசுவது அவருடைய பொறுப்பு. அதை நீங்கள் சுமக்கவேண்டியதில்லை.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும்கூட, தைராய்டு டாக்டரிடமே சொல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தொட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சடைத்தால் அதைத் தாய்வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். அதில் எந்த அவிசுவாசமும் இல்லை.

உங்கள் சொந்தச் சபையின் பாஸ்டரிடம் கணவரோடு போய் ஒருமுறை பேசுங்கள். மேடையில் சொல்லப்பட்ட வார்த்தை நிறைவேறவில்லை, அதற்காக என்னை யாரும் குற்றப்படுத்தாதபடி நீங்கள் சபையில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று கேளுங்கள், கேட்பது நியாயம். அவர் மறுத்து, பழியை மறுபடி உங்கள்மேலேயே போட்டால் கொஞ்சகாலம் வேறொரு ஆலயத்தில் ஆராதிப்பதைப் பற்றி நீங்கள் இருவரும் யோசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வாசலில் யாராவது "சாட்சி எப்போ?" என்று கேட்டால் விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. "தேதி கர்த்தர் கொடுத்ததில்லை அக்கா, நாங்க ஜெபிக்கிறோம், டாக்டரையும் பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்காருங்கள்.